டேங்க்கில் நானே ஊற்றிய தண்ணீர்

சென்ற இதழ் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், 'மழைக்காலம் வந்தால் என் பழைய கார் திடீர் திடீரென்று நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?' என்று கேட்டிருந்தார். பதில் சொல்லும் அளவுக்கு நான் மெக்கானிக் இல்லை. ஆனால், அந்தக் கேள்வியைப் படித்ததும் 2015-ம் வருஷம் டிசம்பர் மாதம் முடிச்சூர் சாலையில் நான் நின்ற காலை நேரம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்குக் கற்றதைச் சொன்னால், அவருக்கும் அவரைப்போல வண்டி வைத்திருப்பவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு மணிமங்கலம் பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலம். பெரும்பகுதி கீரைதான். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை என்று மாற்றி மாற்றி விதைப்போம். விடிவதற்கு முன்பே அறுத்துக் கட்டு கட்டி, மேற்கு தாம்பரம் சண்முகம் சாலை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கீரை வாடும், விலையும் இறங்கும். அதற்காகவே ஒரு பழைய பெட்ரோல் வேனை வாங்கினேன். கார்புரேட்டர் வைத்த வண்டி. கீரை ஏற்றவும் அதுதான், குடும்பத்தோடு கல்யாணம், காதுகுத்துக்குப் போகவும் அதுதான்.

2015 வெள்ளம் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. டிசம்பர் 1-ம் தேதி பிடித்த மழை மறுநாள் காலை வரைக்கும் ஓயவில்லை. அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை பதிவானது. ஏரிகள் எல்லாம் நிரம்பி வழிய, அடையாறு கரை தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. எங்கள் வீடு கொஞ்சம் மேட்டில் இருந்ததால் வேன் தப்பித்தது. சக்கரம் பாதி நனைந்ததோடு சரி. 'கடவுள் காப்பாற்றினார்' என்று நினைத்தேன். அதன்பிறகு நான் செய்ததுதான் தப்பு.

வெள்ளம் வடிந்தும் பெட்ரோல் கிடைப்பது சிரமமாக இருந்தது. திறந்திருந்த பங்குகளில் நீளமான வரிசை. என்னிடம் விசைத்தெளிப்பானுக்காக வாங்கி வைத்த பத்து லிட்டர் பெட்ரோல், மாட்டுக்கொட்டகை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கேனில் இருந்தது. அந்தக் கேனின் மூடி எப்போதோ தொலைந்துபோய், வாயில் ஒரு பாலித்தீன் தாளைப் போட்டுக் கயிறு கட்டி வைத்திருந்தேன். கொட்டகைக் கூரையில் ஒரு விரிசல். சொட்டுச் சொட்டாக ஒழுகின தண்ணீர் தாளின் குழியில் தேங்கி, கயிற்றின் ஓரமாகக் கேனுக்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. கேனைத் தூக்கியபோது பெட்ரோல் வாசனை வந்தது, கனமும் இருந்தது. அப்படியே வேன் டேங்க்கில் கவிழ்த்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து விடியற்காலை, அப்பாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. ஒரு வாரமாக ஈரத்திலேயே கிடந்த வீடு, ஏற்கெனவே ஆஸ்துமா உடம்பு. மூச்சு விட முடியாமல் கட்டிலில் குந்தியபடி இருந்தார். 'என்னங்க, பார்த்துக்கிட்டே நிக்கறீங்க... வண்டிய எடுங்க' என்று வீட்டில் பதறினாள். குரோம்பேட்டை அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று அப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வண்டி முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆனது. வரதராஜபுரம் வரைக்கும் ஒழுங்காக ஓடியது. வெளிவட்டச் சாலைப் பாலத்தைத் தாண்டி முடிச்சூர் சாலையில் போகும்போது ஒரு திக்கல், இரண்டு திக்கல், அப்புறம் ஓர் இருமல். நின்றுவிட்டது. சாவியைத் திருப்பத் திருப்ப மோட்டார் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பின்சீட்டில் அப்பாவின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெள்ள நிவாரணத்துக்குத் தண்ணீர் பாட்டில் ஏற்றிக்கொண்டு போன ஒரு குட்டியானை எங்களைத் தாண்டிப் போய் நின்றது. டிரைவர் தம்பி இறங்கி வந்து, ஒன்றும் கேட்காமல் அப்பாவை முன்சீட்டில் தூக்கி உட்கார வைத்தார். நான் பின்னால் பாட்டில் கட்டுகள் மேல் உட்கார்ந்து போனேன். அப்பா பிழைத்துக்கொண்டார். அதன்பிறகும் ஆறு வருஷம் எங்களோடு இருந்தார். அந்தத் தம்பியின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் விட்டது இன்றைக்கும் உறுத்துகிறது.

வேனைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு, முடிச்சூர் சாலையில் இருக்கும் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். பாய் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவோம். அறுபது வயது இருக்கும். விஷயத்தைக் கேட்டதும் அவர் இன்ஜினைத் தொடவே இல்லை. ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்து, டேங்க்கின் அடித்திருகைத் தளர்த்தி, பாதி பாட்டில் பிடித்தார். நிழலில் வைத்துவிட்டு, 'டீ குடிச்சிட்டு வாங்க தம்பி' என்றார். திரும்பி வந்து பார்த்தால் பாட்டிலுக்குள் நடுவில் ஒரு கோடு. மேலே மஞ்சள் நிறத்தில் பெட்ரோல். கீழே தெளிந்த தண்ணீர், அதற்கும் அடியில் துருத்தூள்.

'பெட்ரோல் லேசு, தண்ணி கனம். அதான் அடியில போய் உக்காந்துக்கும். வண்டி உறிஞ்சறதும் அடியில இருந்துதான். பைப்புல மிச்சம் இருந்த நல்ல பெட்ரோல்ல கொஞ்ச தூரம் ஓடியிருக்கு. அப்புறம் தண்ணிய குடிச்சிட்டுது. தண்ணி எங்க எரியும்?' என்றார்.

'வெள்ளத் தண்ணி டேங்க்குல ஏறலையே பாய்' என்றேன்.

'வெள்ளம் ஊத்தலன்னா, நீங்க ஊத்தியிருக்கீங்க' என்றார்.

வீட்டுக்கு வந்து கேனைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. டேங்க்கைக் கழற்றிக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, குழாய்களுக்குக் காற்று அடித்து, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து, புது ஃபில்டர் போட்டு முடிக்க நான்கு நாள் ஆனது. மூவாயிரத்து எண்ணூறு ரூபாய். நான்கு நாளும் கீரைக்கட்டை ஷேர் ஆட்டோவில் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அப்பாவிடம் கேன் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். 'விதைநெல்லுப் பானைக்கு மூடி போட்டு, மேல சாணி பூசுறோம். இதுக்கு ஒரு மூடி வாங்கித் தரலையேடா' என்றார். அவ்வளவுதான் பேசினார்.

விவசாயிகளாகிய நமக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் பொன். அதனாலேயோ என்னவோ, தண்ணீரை எதிரியாகப் பார்க்கிற பழக்கம் நமக்கு வருவதில்லை. எரிபொருள் டேங்க்கில் அதுதான் முதல் எதிரி. துரு, கசடு, அடைப்பு எல்லாம் பெரும்பாலும் அதன் பின்னால் வருகிறவை. அந்தத் தண்ணீர் டேங்க்குக்குள் வரும் வழிகளில் பாதி, நம் கை வழியாகவே வருகிறது. இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

தண்ணீர் எப்படியெல்லாம் வரும்? சரியாக மூடாத கேன். ரப்பர் வளையம் வெடித்துப்போன டேங்க் மூடி. அந்த மூடியைச் சுற்றிப் பிரஷர் பம்பு வைத்து அடிக்கும் வாட்டர் வாஷ். மழையில் நனைந்தபடி ஊற்றும் ஈரப் புனல். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத காற்று. சென்னைக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. டேங்க் பாதி காலியாக வண்டி வாரக்கணக்கில் நின்றால், அந்தக் காலி இடத்தில் இருக்கும் காற்றின் ஈரம் இரவுக் குளிரில் சுவரில் வியர்த்து இறங்கும். அதனால், அதிகம் ஓடாத வண்டி என்றால் மழைக்காலத்தில் டேங்க்கை நிரப்பி வைப்பது நல்லது. நிரப்புவது என்றால், பங்கில் குழாய் தானாக 'டக்'கென்று நிற்கும் வரைக்கும்தான். அதற்கு மேல் குலுக்கிக் குலுக்கி ஊற்றச் சொன்னால், ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டருக்குள் பெட்ரோல் போய் அது கெட்டுவிடும்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு பாதி ஏற்கெனவே தெரியும். ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, அடியில் தங்கின தண்ணீரை இறக்கிவிட்டு, சுத்தமான டீசல் வந்ததும் முடுக்குவோம். பிறகு கைப்பம்பை அடித்து ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்வோம். வீட்டில் டீசல் கார் இருந்தால் அதற்கும் அதே கவனம் வேண்டும். டீசல் கார்களில் ஃபில்டரோடு தண்ணீரைப் பிரிக்கும் கிண்ணமும் இருக்கும். பல வண்டிகளில் அது நிரம்பினால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். 'அது எரிஞ்சா எரியட்டும்' என்று ஓட்டக் கூடாது.

காரணம் இருக்கிறது. பழைய இன்ஜினை விட இன்றைய டீசல் இன்ஜின் ரொம்ப நாசூக்கானது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றழுத்தம் இரண்டு பார் அளவுதான். காமன் ரெயில் டீசல் இன்ஜினில் எரிபொருள் 1,600 பார், அதற்கு மேலும் அழுத்தத்தில் பாய்கிறது. இன்ஜெக்டர் துளையின் அகலம் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். டீசலே அந்தப் பம்புக்கு எண்ணெயும்கூட. டீசல் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் போனால் உராய்வு தாங்காமல் பம்பு தேயும், தேய்ந்த தூள் இன்ஜெக்டரில் போய் அடைக்கும். கார்புரேட்டரை சாலையோரத்திலேயே பிரித்துத் துடைத்துவிடலாம். இன்ஜெக்டரில் அந்த வேலை நடக்காது. அதற்கென்று மெஷின் வைத்திருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். செலவும் ஆயிரங்களில் நிற்காது.

டீசலை டிரம்மில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் ஒருவகை நுண்ணுயிர்கள் வளர்ந்து, கறுப்பாகப் பாசி மாதிரி வழவழப்பு உண்டாகும். ஃபில்டரில் கறுப்புக் கூழ் அடைத்திருந்தால், ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. டிரம்மைக் கழுவ வேண்டும். டிரம்மை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து வைத்து, புது டீசலை ஒரு நாள் அசையாமல் தெளியவிட்டு, அடியிலிருந்து நான்கு விரல் மேலே இருந்துதான் எடுக்க வேண்டும். கிணற்றில் சேறு கலங்கினால் தெளிந்த பிறகு இறைப்போமே, அதுபோல.

இப்போது பெட்ரோல் விஷயத்துக்கு வருகிறேன். 2015-க்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. இப்போது நாம் போடும் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். 2022-ல் 10 சதவிகிதத்தைத் தொட்டார்கள். 2025-ல் 20 ஆகிவிட்டது. கரும்பு, மக்காச்சோளம், அரிசி என்று நம் வயலில் விளைவதிலிருந்து எடுக்கும் சரக்கு அது. ஒருகாலத்தில் எங்கள் உறவுக்காரர்கள் படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். விளைபொருளுக்கு இன்னொரு வாங்குபவர் கிடைப்பது விவசாயிக்கு நல்லதுதான். ஆனால், அந்த எத்தனாலுக்கு ஒரு குணம் உண்டு. அது தண்ணீரோடு கூடிக்கொள்ளும்.

கொஞ்சம் ஈரம் இருந்தால் எத்தனால் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு இன்ஜினுக்குள் போய் எரிந்துவிடும். அதுவரை லாபம். தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் நிலைமை மாறும். எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து, தண்ணீரோடு சேர்ந்து டேங்க்கின் அடியில் போய்த் தங்கிவிடும். முன்பு அரை லிட்டர் தண்ணீர் விழுந்தால் அடியில் அரை லிட்டர் தண்ணீர் இருக்கும். இப்போது அந்தத் தண்ணீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு இறங்குவதால், அடிப்படலம் பல மடங்கு கனமாகிவிடும். மேலே நிற்கும் பெட்ரோலின் தரமும் குறையும். அதனால் மூடியின் ரப்பர் வளையமும் கேனின் மூடியும் முன்னைவிட இன்றைக்கு முக்கியம்.

'என் பழைய காருக்கு இந்தப் பெட்ரோல் போடலாமா?' என்று ஊரில் நிறைய பேர் கேட்கிறார்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் பாகங்கள் இதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டி என்றால், முதலில் வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். டேங்க்கிலிருந்து இன்ஜின் வரைக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கொழகொழவென்று ஊறியிருந்தாலும், காய்ந்து வெடித்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். மைலேஜ் கொஞ்சம் குறையும். ஒரு லிட்டர் எத்தனாலில் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதுதான் காரணம். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிற வண்டியில் பழைய பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். நாள்பட்ட பெட்ரோல் பிசினாகி, பொடித்துளைகளை அடைத்துவிடும்.

'கடையில் பாட்டிலில் விற்கும் கிளீனரை ஊற்றினால் போதுமா?' என்பது அடுத்த கேள்வி. படிந்த கரியைக் கொஞ்சம் கரைக்க அது உதவலாம். டேங்க்கில் கிடக்கும் தண்ணீரையும் துருவையும் அது மாயமாக்காது. அந்தப் பணத்துக்கு, கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் ஒரு நல்ல ஃபில்டர் மாற்றிவிடலாம். பெட்ரோல் காரில் டேங்க்குக்குள்ளேயே பம்பு இருக்கும். சுற்றி இருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. 'ரிசர்வ்'லேயே எப்போதும் ஓட்டினால் பம்புக்குச் சூடு ஏறும். கால் டேங்க்குக்குக் கீழே போக விடாமல் இருப்பது நல்ல பழக்கம்.

பங்கில் சந்தேகம் வந்தால் சண்டை போட வேண்டாம், சோதித்துப் பார்க்கக் கேளுங்கள். ஃபில்டர் பேப்பர், அடர்த்தி பார்க்கும் கருவி, ஐந்து லிட்டர் அளவுப் படி மூன்றும் பங்கில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் காட்ட வேண்டும். ஒரு சொட்டுப் பெட்ரோலை ஃபில்டர் பேப்பரில் விட்டால், இரண்டு நிமிஷத்தில் எண்ணெய்க் கறை இல்லாமல் காய்ந்துவிட வேண்டும். வெள்ளம் வந்து வடிந்த இடத்தில் இருக்கும் பங்கு என்றால், நிலத்தடித் தொட்டியைத் தண்ணீர் இல்லையென்று சோதித்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

2019-ல் அந்த வேனைக் கொடுத்துவிட்டு, இன்ஜெக்டர் வைத்த ஒரு பழைய கார் வாங்கினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம் மறுபடியும் மூழ்கின. இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். மழை எச்சரிக்கை வந்த அன்றைக்கே காரை மேட்டுப் பகுதியில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். வேளச்சேரியில் ஜனங்கள் மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்தியதை 2024 அக்டோபரில் செய்தியில் பார்த்திருப்பீர்கள். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மிக்ஜாம் வடிந்த அன்று, தண்ணீரில் நின்ற காரில் பக்கத்துத் தெருத் தம்பி உட்கார்ந்து சாவியைத் திருப்பப் போனார். ஓடிப்போய்த் தடுத்தேன். 'இருப்பா, சாவியப் போட்டா பம்பு சுத்தும். டேங்க்குல தண்ணி இருந்தா இன்ஜெக்டர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேத்துடும்' என்றேன். மூழ்கின வண்டியில் சாவியே போடக் கூடாது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, வண்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டும். அந்தத் தம்பி வண்டியை பாயின் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனோம். இப்போது அங்கே பாயின் மகன் இருக்கிறார். டேங்க்கை இறக்கிப் பார்த்தால், அடியில் சேற்றுத் தண்ணீர் நின்றிருந்தது. கழுவிக் காயவைத்து, ஃபில்டர் மாற்றியதோடு டேங்க் வேலை முடிந்தது. இன்ஜெக்டர் தப்பித்துவிட்டது.

ஓர் எச்சரிக்கை. பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. டேங்க்கைக் கழற்றும் வேலை மெக்கானிக்குடையது. நமக்கு வேண்டியது மூடி, கேன், ஃபில்டர் மூன்றின் மேல் ஒரு கண்.

விசைத்தெளிப்பானுக்கு இப்போதும் கொஞ்சம் பெட்ரோல் வாங்கி வைக்கத்தான் செய்கிறேன். ஐந்து லிட்டருக்கு மேல் வைப்பதில்லை. மூடி இறுகிய இரும்புக் கேன். வீட்டை விட்டுத் தள்ளி, ஒழுகாத இடத்தில் நிழலில் நிற்கிறது. ஊற்றுவதற்கு முன்னால், திறந்தவெளியில் வைத்து, கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பத்து நிமிஷம் விட்டுப் பார்ப்பேன். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் இந்த வருஷமும் பார்த்தேன். பாட்டிலுக்குள் கோடு எதுவும் இல்லை.